கொலுசுப் பட்டறை ஸ்லோ மோஷன் மினுக்குகிறது, கிளியூர் அருவி திக்கித் திக்கி விழுகிறது. எங்கே தவறு?

சிவதாபுரம் கேமரா

வணக்கங்க. நாலு வருஷமாகச் சேலத்தைச் சுற்றிக் கல்யாண வீடியோ எடுத்துவருகிறேன். இப்போதுதான் முதல்முறையாக, யாரும் கேட்காமல், எனக்காகவே ஒரு பத்து நிமிடப் படம் எடுக்கிறேன். எங்கள் ஊர் வெள்ளிக் கொலுசைப் பற்றியது. அம்மாவும் சித்தியும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை மணி கோத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். அதனால் இதை ஏனோதானோ என்று முடிக்க மனசு வரவில்லை.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, வெள்ளியை உருக்கி அச்சில் ஊற்றும் ஷாட். பட்டறைக்குள் மேலே இரண்டு எல்இடி ட்யூப்லைட். விநாடிக்கு 120 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் திறந்திருப்பது 1/240 விநாடி, எடிட்டிங் டைம்லைன் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஓடவிட்டால் படம் முழுக்க மினுக்குகிறது. உருகிய வெள்ளி மட்டும் அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றியிருக்கும் சுவரும் சித்தப்பாவின் கைகளும்தான் இருண்டு இருண்டு வெளிச்சமாகின்றன.

இரண்டாவது, ஏற்காட்டுக் கிளியூர் அருவி. சலங்கை மணிகள் வரிசையாக நடுங்குவது தண்ணீர் கொட்டுவது மாதிரியே இருக்கும். அதனால் அருவியில் தொடங்கி மணிக்கு வெட்டலாம் என்று ஆசை. 60 ஃப்ரேமில் எடுத்து, 25 டைம்லைனில் வேகத்தை 50 சதவீதம் ஆக்கினேன். தண்ணீர் வழுக்கிக்கொண்டு விழவில்லை, திக்கித் திக்கி விழுகிறது. துளிகள் கண்ணாடித் தூள் கொட்டுவதுபோல இருக்கின்றன.

ஆப்டிகல் ஃப்ளோ (இடைப்பட்ட ஃப்ரேமை மென்பொருளே வரைந்து நிரப்பும் வசதி) போட்டும் பார்த்தேன். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. எங்கே தப்பு செய்கிறேன்?

நாலு ரோடு

240 ஃப்ரேம் எடுக்கும் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ஃப்ரேம் கூடினால் தானாக வழுவழுப்பு வரும்.

அம்மாபேட்டை தறி

தம்பி, கேமராவை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு காரியம். அந்த மினுக்கும் கிளிப்பை வைத்துப் பத்து விநாடிக்கு எத்தனை முறை இருட்டாகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். அருவி கிளிப்பில் ஷட்டர் என்ன இருந்தது என்பதும் வேண்டும்.

சிவதாபுரம் கேமரா

மூன்று முறை எண்ணினேன் அண்ணே. பத்து விநாடிக்கு 41, ஒரு தடவை 42. அருவியில் ஷட்டரை ஆட்டோவில் விட்டிருக்கிறேன். ஃபைல் விவரத்தில் 1/4000 என்று காட்டுகிறது. நல்ல வெயில்.

அம்மாபேட்டை தறி

சரி, இரண்டு நோயும் பிடிபட்டுவிட்டது.

முதலில் மினுக்கல். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், ஆக விநாடிக்கு 100 துடிப்பு. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நீங்கள் விநாடிக்கு 120 முறை, ஒவ்வொரு முறையும் 1/240 விநாடி மட்டும் திறந்து பார்க்கிறீர்கள். ஒரு ஃப்ரேமுக்குத் துடிப்பின் உச்சி கிடைக்கிறது, இன்னொன்றுக்குப் பள்ளம். 120-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் 20. விநாடிக்கு 20 முறை மினுக்க வேண்டியதை நீங்கள் 4.8 மடங்கு மெதுவாக்குகிறீர்கள். 20-ஐ 4.8-ஆல் வகுங்கள்: 4.17. பத்து விநாடிக்கு 41, 42. நீங்கள் எண்ணியது அதுதான்.

வெள்ளி ஏன் மினுக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் அது தன் சொந்த ஒளியில் எரிகிறது, ட்யூப்லைட்டை நம்பி இல்லை. சுவருக்கும் கைக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. நீங்கள் இதைக் கவனித்து எழுதியிருக்காவிட்டால் நான் வேறு எங்கோ தேடியிருப்பேன்.

இதற்கு வழி: கேமரா மெனுவில் என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க வீடியோ முறை) என்று இருப்பதை பிஏஎல் (PAL, நம் நாட்டு வீடியோ முறை) என்று மாற்றுங்கள். 60, 120 போய் 50, 100 வரும். சில கேமராக்கள் கார்டை மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்லும், பழைய கோப்புகளை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு 100 ஃப்ரேம், ஷட்டர் 1/100. அப்போது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முழுத் துடிப்பை வாங்கும், எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம். 1/200 வைத்தால் அரைத் துடிப்புதான் விழும். நம் கரண்ட் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், படம் மினுக்காது, ஆனால் மூச்சு விடுவதுபோல மெல்ல இருண்டு வெளுக்கும்.

அடுத்தது அருவி. 60-ல் பாதி 30. உங்கள் டைம்லைனில் விநாடிக்கு 25 இடம்தான் இருக்கிறது. மீதி 5 ஃப்ரேமை மென்பொருள் தூக்கி எறிகிறது, அதாவது ஆறில் ஒன்று. எங்கள் பகுதியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆறு ஊடைக்கு ஓர் ஊடை விட்டுப்போனால் பட்டு வேட்டி எப்படி இருக்கும்? துணி முழுக்க வரி ஓடும். அந்த வரிதான் உங்கள் அருவியில் திக்கலாகத் தெரிகிறது.

எடுத்த ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே ஒரு முறை, வரிசை மாறாமல் ஓட வேண்டும். வழுவழுப்பு என்பது இவ்வளவுதான். 25 டைம்லைனுக்கு 50 ஃப்ரேம் என்றால் 50 சதவீதம். 100 என்றால் 25 சதவீதம். 60-ல் எடுத்துவிட்டீர்கள் என்றால் 41.67 சதவீதம் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, சதவீதத்தையே தொடாமல் கிளிப்பை 25 என்று படிக்கச் சொல்வது. அதற்கான வசதி டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் கிளிப் ஆட்ரிபியூட்ஸ், பிரீமியரில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ். அதைச் செய்தால் உங்கள் பழைய ஷாட்டிலேயே திக்கல் போய்விடும்.

கண்ணாடித் தூள் விஷயம் 1/4000-ஆல் வந்தது. அதற்கு மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நாலு ரோடு

ஆக 240-ல் எடுத்தாலும் இந்த மினுக்கல் வந்திருக்குமா?

அம்மாபேட்டை தறி

வரும். 240 ஃப்ரேமில் ஷட்டரை 1/240-க்குக் கீழே இறக்கவே முடியாது. ஒரு முழுத் துடிப்புக்கு 1/100 வேண்டுமே. அதனால் அங்கே ஷட்டரை வைத்துத் தப்பிக்க வழியில்லை, விளக்கைத்தான் மாற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் வீடியோ லைட் கொண்டுபோகலாம். மலிவான சில லைட்டுகள் வெளிச்சத்தைக் குறைத்தால் தாமே துடிக்க ஆரம்பிக்கும். முழு வெளிச்சத்தில் வைத்து, லைட்டைத் தள்ளி நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விட நல்லது பகல் வெளிச்சம்.

பழைய நெகடிவ்

சென்னையில் இருபது வருஷம் உதவி ஒளிப்பதிவாளனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது தினமும் காலையில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரைக்கும் நடக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

ஷட்டர் ஃப்ரேமின் இரு மடங்கு இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது வானத்திலிருந்து விழுந்த விதி அல்ல. ஃபிலிம் கேமராவுக்குள் அரைவட்டத் தகடு ஒன்று சுழலும். பாதிச் சுற்றில் ஒளி ஃபிலிமில் விழும். மறு பாதியில் தகடு மறைத்துக்கொள்ள, ஃபிலிம் அடுத்த கட்டத்துக்கு நகரும். 180 டிகிரி என்பது அந்தத் தகட்டின் அளவு. 24-ல் ஓடினால் 1/48. 96-க்கு ஏற்றினால் தகடும் நாலு மடங்கு வேகமாகச் சுற்றி 1/192 ஆகிவிடும், யாரும் தனியாக ஷட்டரைத் தொட வேண்டாம். உங்கள் கேமராவில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் பொறுப்பும் உங்கள் தலையில்.

கையால் சுற்றிய காலத்திலேயே வேகமாகச் சுற்றி மெதுவாகக் காட்டினார்கள். ஓவர்கிராங்க் என்ற சொல் அங்கிருந்து வந்தது. ஆஸ்திரியப் பாதிரியார் ஆகஸ்ட் மஸ்கர் 1904-ல் இதற்கென்றே ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். எங்கள் காலத்தில் 400 அடி ரோல் 24 ஃப்ரேமில் நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். 96-ல் ஒரு நிமிடமும் சில விநாடியும்தான். அதனால் எந்த ஷாட்டுக்கு எவ்வளவு மெதுவாக வேண்டும் என்று முன்கூட்டி யோசிக்காமல் யாரும் மோட்டாரை ஏற்ற மாட்டார்கள்.

தம்பிக்கு நான் சொல்ல வந்தது இந்த யோசனையைத்தான். அருவியையும் சலங்கையையும் ஒரே அளவில் மெதுவாக்காதீர்கள். நாலு மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருள் கீழே வர இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். நம் கண்ணுக்கு அது பழக்கம். ஆகவே விழுவதை இரண்டு மடங்கு மெதுவாக்கினால் உயரம் நாலு மடங்காகத் தோன்றும். நாலு மடங்கு மெதுவாக்கினால் பதினாறு மடங்கு. சின்ன மாதிரி அணையை உடைத்துப் பெரிய வெள்ளம் காட்டியதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

கிளியூர் சுமார் 300 அடி. 100 ஃப்ரேமில் எடுத்து 25-ல் ஓட்டினால் 4800 அடியிலிருந்து விழுவதுபோல ஆகிவிடும். ஏற்காடு ஊரே சுமார் 5000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீரின் கனம் போய் மேகம் இறங்குவதுபோலத் தெரியும். அருவிக்கு 50 ஃப்ரேம் போதும், இரண்டு மடங்கு. சலங்கை மணி அரை விரல் அகலம்கூட இல்லை, கண் சிமிட்டுவதற்குள் ஆடி அடங்கிவிடும். அதற்கு 100 கொடுங்கள். அப்போது வெட்டும் இடத்தில் இரண்டும் ஒரே கனத்தில் நிற்கும்.

சிவதாபுரம் கேமரா

ஐயா, இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நான் இரண்டையும் 100-ல் எடுக்கத்தான் இருந்தேன்.

மூடுபனி ஏற்காடு

தம்பி, நான் ஏற்காட்டில்தான் இருக்கிறேன். எஸ்டேட்டுகளில் பறிப்பு, பூ, பறவை என்று எதையாவது எடுத்துக்கொண்டே இருப்பேன். கிளியூருக்கு வருவதானால் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. அதனால் மழை பெய்து ஏரி நிறைந்த பிறகு வந்தால்தான் அருவி அருவியாக இருக்கும். கோடையில் வந்தால் பாறையைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். படிகள் இறங்க வேண்டும், பாசி வழுக்கும். ட்ரைபாடைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், தோளில் கட்டிக்கொள்ளுங்கள்.

வெயில் அடிக்கும்போது 1/4000 வந்தது என்றீர்கள். 50 ஃப்ரேமுக்கு 1/100 வேண்டும். 4000-லிருந்து 2000, 1000, 500, 250, 125 என்று இறங்கிப் பாருங்கள், ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு மாறுவது). அதற்கு என்டி 32 ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை அப்பர்ச்சரில், அதாவது லென்ஸின் துவார அளவில், சரிசெய்துகொள்ளலாம். திருகிக் கூட்டிக்குறைக்கும் ஃபில்டரைக் கடைசி வரைக்கும் திருகினால் படத்தின் நடுவில் கறுப்பாகப் பெருக்கல் குறி விழும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் வெயிலே வேண்டாம். மூடுபனி லேசாக இறங்கும் நாளில் வாருங்கள். வெயிலில் நுரை வெளுத்து விவரமே இல்லாமல் போய்விடும். பனி நாளில் வெள்ளைக்குள் சாம்பல், சாம்பலுக்குள் வெள்ளை என்று தண்ணீரின் ஒவ்வோர் இழையும் தெரியும். அன்றைக்கு ஃபில்டர் ஒன்றும் தேவைப்படாமலும் போகலாம். இரண்டு விநாடிக்கு ஒரு முறை சாரல் லென்ஸில் உட்காரும். பழைய பருத்தித் துணி நாலு எடுத்து வாருங்கள், ஒன்று போதாது.

குகை ஸ்டூடியோ

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் இதைச் சொல்கிறேன். இரு மடங்கு ஷட்டரை இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்லோ மோஷனில் பார்ப்பவர் விவரத்தைத்தான் தேடுகிறார். பட்டறையில் சுத்தியல் விழும் ஷாட்டை 1/200-ல் எடுத்தால் சுத்தியல் தலையே தெரியாது, ஒரு சாம்பல் கறை தெரியும். நான் 1/1000 வைப்பேன். தெறிக்கும் பொறி, துள்ளும் மணி எல்லாம் கூர்மையாக நிற்கும்.

அம்மாபேட்டை தறி

சுத்தியலுக்கு நீங்கள் சொல்வது சரிதான், நானும் அப்படித்தான் வைப்பேன். எங்கே மாறுபடுகிறேன் என்றால், ஒரு பொருள் ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்த ஃப்ரேமுக்குத் திரையில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் நகர்ந்தால் 1/1000 அழகு. அருவி அப்படி இல்லை. திரை முழுக்க ஆயிரம் துளிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில். அதைக் கூர்மையாக நிறுத்தினால் கண்ணால் பின்தொடர முடியாது, மணலை அள்ளி வீசியதுபோல ஆகிவிடும். துளிக்குப் பின்னால் கொஞ்சம் வால் இருந்தால்தான் கண் அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்.

குகை ஸ்டூடியோ

அருவிக்கு ஒப்புக்கொள்கிறேன். மணிக்கு?

அம்மாபேட்டை தறி

மணியை மிக அருகில் போய் எடுக்கிறார், ஓர் ஆட்டத்துக்குத் திரையில் கால்வாசி தூரம் போகும். 1/200. சந்தேகம் இருந்தால் 1/200 ஒன்று, 1/500 ஒன்று எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பார்த்து முடிவு செய்யட்டும்.

குகை ஸ்டூடியோ

இது நியாயம்.

ஆப்டிகல் ஃப்ளோ பற்றியும் கேட்டிருந்தார். அது இரண்டு ஃப்ரேமைப் பார்த்து நடுவில் இல்லாத ஒன்றைத் தானாக வரைகிறது. வெறும் சுவருக்கு முன்னால் ஒருவர் துணி உதறுகிறார் என்றால் நன்றாக வரைந்துவிடும். ஒரு மணி இன்னொரு மணியை மறைத்து, மறுபடி வெளியே வரும் இடத்தில், பின்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் குழைத்துவிடும். தண்ணீர், புகை, மணி இந்த மூன்றுக்கும் அதை நம்பாதீர்கள். என் அனுபவத்தில், கல்யாணத்தில் அட்சதை விழும் ஷாட்டில் அரிசி அத்தனையும் புழு மாதிரி நெளிந்து, பெண் வீட்டாரிடம் ஷாட்டை எடுத்துவிட்டுக் கொடுக்கும்படி ஆயிற்று.

ஜங்ஷன் மொபைல்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். போனில் 240-ல் எடுத்த கிளிப் போனில் வழுவழுப்பாக ஓடுகிறது, கம்ப்யூட்டரில் போட்டதும் தடுக்குகிறது. என்ன காரணம்?

குகை ஸ்டூடியோ

போன் சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. கொஞ்சம் கூடிக் குறையும். ஹேண்ட்பிரேக் (HandBrake) மாதிரி வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை எடுக்காதீர்கள், அதில் ஃப்ரேம்கள் போயிருக்கலாம். கேபிளில் மூலக் கோப்பை இறக்குங்கள்.

நாலு ரோடு

மண்டபத்துக்கு என்ன செய்வது? 100-க்கு 1/100 வைத்தும் போன மாதம் ஒரு மண்டபத்தில் மேடை சரியாக இருந்தது, பின்னால் அலங்கார விளக்கு மட்டும் பட்டை பட்டையாக ஓடியது.

அம்மாபேட்டை தறி

அது கரண்டின் துடிப்பு அல்ல. அந்த அலங்கார எல்இடி தனக்கென்று வேறொரு வேகத்தில் அணைந்து எரிகிறது. ஷட்டரைப் படிப்படியாக மாற்றிப் பட்டை நிற்கும் இடத்தைத் தேடுங்கள். நிற்கவில்லை என்றால் அந்த விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பெரிய மண்டபத்தில் மூன்று பேஸிலிருந்து விளக்குகள் பிரிந்துபோகும், ஒவ்வொரு வரிசையும் வேறு வேறு நேரத்தில் துடிக்கும். அங்கே 1/200 வைத்தால் மேடை ஒரு பக்கம் வெளுக்கும்போது பந்தி ஒரு பக்கம் இருளும். 1/100-ஐ விட்டு நகராதீர்கள்.

சிவதாபுரம் கேமரா

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவிட்டேன்.

உருக்கும் ஷாட்டுக்கு ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, இருட்டில்தான் வெள்ளியின் நிறம் சரியாகத் தெரியும், அவர் அப்பா காலத்தில் இப்படித்தான் உருக்கினார்கள் என்றார். காலை எட்டரை மணி, வாசற்கதவு வழியாக வரும் வெளிச்சம் மட்டும். 100 ஃப்ரேம், 1/200, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200. கொஞ்சம் புள்ளி விழுந்திருக்கிறது, பரவாயில்லை. வெள்ளி அச்சுக்குள் இறங்கும்போது மேலே ஒரு தோல் மாதிரி சுருங்கி, உடனே விரிந்து பளபளவென்று ஆகிறது. இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தும் அதை நான் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்கு லேப்டாப்பில் காட்டினேன். நாலு முறை திருப்பிப் போடச் சொன்னார்.

பற்றவைக்கும் வேலைக்கு விளக்கு இல்லாமல் முடியாது. அதற்கு 100 ஃப்ரேம், 1/100. மினுக்கல் துளியும் இல்லை.

கிளியூருக்குப் போன அன்று பனி இறங்கியது. 50 ஃப்ரேம், 1/100, ஃபில்டர் போடவே இல்லை. அக்கா சொன்ன துணி நாலும் நனைந்துவிட்டன. மணியை 1/200, 1/500 இரண்டிலும் எடுத்தேன். 1/500-ல் ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரிகிறது, ஆனால் அருவியோடு சேரவில்லை. 1/200-ஐ வைத்துக்கொண்டேன். ஐயா சொன்னதுபோல அருவி இரண்டு மடங்கு, மணி நாலு மடங்கு. வெட்டும் இடத்தைத் தம்பிக்குக் காட்டினேன், தண்ணீர் எங்கே முடிந்தது என்று கேட்டான்.

ஒன்று மட்டும் பாக்கி. 100 ஃப்ரேமில் என் கேமரா ஒலியைப் பதிவு செய்யவில்லை. அதனால் சித்தியைக் கொலுசு போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நடக்கச் சொல்லித் தனியாகப் பதிந்தேன். படத்துக்குத் தக்கபடி அந்த ஒலியையும் நாலு மடங்கு இழுக்க வேண்டுமா?

பழைய நெகடிவ்

இழுக்க வேண்டாம். இழுத்தால் கோயில் மணி மாதிரி அடித்தொண்டைக்குப் போய்விடும், கொலுசு என்று யாருக்கும் தெரியாது. நிஜ வேகத்திலேயே வையுங்கள், படம் மெதுவாக ஆடட்டும். அருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெட்டுக்கு ஆறு ஃப்ரேம் முன்னால் சித்தியின் முதல் அடி கேட்கட்டும்.